ஜப்பான் படத்துக்கு விட்ட இடைவேளை

தியேட்டர் வேலைக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களா, மெஷினை எப்படி ஓட்டுறதுன்னு நான் சொல்லித் தரப் போறதில்லை. இப்ப அது வெறும் பெட்டி. பட்டனை அமுக்கினா ஓடும், இன்னொரு தடவை அமுக்கினா நிக்கும். எங்க வீட்டு வாஷிங் மெஷினே இதைவிடக் கஷ்டம். எப்ப அமுக்கணும், எப்ப கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கணும்ங்கறதுதான் நம்ம வேலை. அதைச் சொல்ல எங்கிட்ட ஒரே ஒரு கதைதான் இருக்கு. நான் பண்ணினது பெரிய தப்புன்னு சொல்றவங்க மெல்பர்ன்ல இன்னைக்கும் இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும். நீங்க முழுசாக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

நான் திண்டுக்கல்ல ஒரு தியேட்டர்ல ஆபரேட்டரா இருந்தவன். என் மனைவி நர்ஸ். அவங்க விசாவுல தொத்திக்கிட்டு இந்த ஊருக்கு வந்தேன். மல்கிரேவ் பக்கத்துல ரெண்டு ஸ்கிரீன் வச்ச ஒரு சின்னத் தியேட்டர்ல மேனேஜர் வேலை கிடைச்சுது. மேனேஜர்னதும் கோட்டு சூட்டுன்னு நினைச்சுக்காதீங்க. டிக்கெட் கிழிக்கிறது, சிந்தின பாப்கார்னைக் கூட்டுறது, டாய்லெட் அடைச்சுக்கிட்டா குச்சியைத் தூக்கிக்கிட்டு ஓடுறது எல்லாம் மேனேஜர்தான். முதலாளியம்மா கிரீஸ்ல பிறந்தவங்க. அதிகம் பேச மாட்டாங்க, பேசினா ரெண்டு வார்த்தை.

இந்த ஊர்ல படத்துக்கு இடைவேளை கிடையாது. உங்களுக்குத் தெரியும். மூணு மணி நேரப் படமா இருந்தாலும் அடக்கிக்கிட்டு உட்காரணும். ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம தியேட்டர்ல தமிழ்ப்படம் ஓடும்போது மட்டும் இடைவேளை உண்டு. அதுக்குக் காரணம் கிரான்பர்ன்ல இருந்து வர்ற புஷ்பா அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரங்க, ஆன்ட்டியை அந்த ஊர்ல அன்ரிம்பாங்க. வாசல்ல ஒரு மேசையைப் போட்டு மீன் ரோல்ஸ், கடலை வடை, பிளாஸ்க்ல தேத்தண்ணி வச்சிருப்பாங்க. அந்த ரோல்ஸுக்காகவே மோசமான படத்துக்கும் கூட்டம் வரும். அந்தம்மா என்னைவிட ரெண்டு வயசு சின்னவங்க. ஊரே அன்ரின்னு கூப்பிடுதேன்னு நானும் அன்ரின்னே கூப்பிட்டேன். அவங்க என்னை அண்ணைன்னு கூப்பிடுவாங்க. இந்த உறவுமுறை எங்க போய் முட்டும்னு நான் யோசிச்சுப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயித்துக்கிழமை. பெரிய ஹீரோ படம். வாசல்ல தேர்க்கூட்டம். படம் வந்துடுச்சு, அதோட பூட்டைத் திறக்கிற பாஸ்வேர்டு மட்டும் வரலை. சென்னைக்குப் போன் போட்டா, "இதோ சார், அனுப்பிட்டே இருக்கோம் சார்"ங்கிறான். அனுப்பிட்டே இருக்கோம்னா இன்னும் சிஸ்டத்தையே ஆன் பண்ணலைன்னு அர்த்தம். அரை மணி நேரம் போச்சு. ஜனங்க கைதட்ட ஆரம்பிச்சாங்க. சந்தோஷக் கைதட்டல் இல்லை, அது உங்களுக்குக் கேட்டாலே தெரியும்.

அதே நேரம் ரெண்டாவது ஸ்கிரீன்ல ஒரு ஜப்பான் படம். ஃபிலிம் கிளப் ஒண்ணு ஏற்பாடு பண்ணியிருந்தது. படத்தோட டைரக்டரும் ஹீரோவும் ஜப்பான்ல இருந்தே வந்திருந்தாங்க. வந்த கூட்டம் பதினோரு பேர். எல்லாரும் கையில வைன் கிளாஸோட, ஆளுக்கு ஒரு வரிசையில தனித்தனியா உட்கார்ந்திருந்தாங்க. டைரக்டர் தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். காலி சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கிட்டு நின்னான். பார்க்கவே பாவமா இருந்துச்சு.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. டைரக்டர்கிட்டயும் கிளப்காரங்ககிட்டயும் கேட்டேன். ரெண்டு தரப்பும் சரின்னாங்க. நம்ம ஜனங்க முன்னாடி போய் நின்னு, "டிக்கெட் பணம் திரும்ப வேணும்ங்கிறவங்க வாங்கிக்கங்க. படம் பார்க்கணும்ங்கிறவங்க பக்கத்து ஹால்ல ஒரு கொலைப்படம் ஓடுது, பெரியவங்க மட்டும் சும்மாவே போய்ப் பார்க்கலாம்"னு சொன்னேன். பிள்ளைகுட்டிக்காரங்க கிளம்பிட்டாங்க. மிச்ச எல்லாரும் பொலபொலன்னு உள்ள போயிட்டாங்க. சும்மான்னு சொன்னா ஜப்பான் என்ன, எஸ்கிமோ படத்துக்கும் போவாங்க. ஹால் நிறைஞ்சதைப் பார்த்து டைரக்டர் எனக்கு ரெண்டு தடவை குனிஞ்சு வணக்கம் வச்சான்.

அதுக்கப்புறம் என் கையைப் பிடிச்சுச் சொன்னான். "என் படத்துல பாட்டு இல்லை, இசை இல்லை. அமைதி மட்டும்தான். தயவுசெஞ்சு எந்தச் சத்தமும் வராமப் பார்த்துக்கங்க. அந்தக் கொலைகாரனை ஜனங்க பயந்து பார்க்கணும். அந்தப் பயத்தோடயே வீட்டுக்குப் போகணும்." நானும் சரின்னு தலையாட்டினேன்.

ஹீரோவை அதுக்குள்ள நான் பார்த்துட்டேன். பின்பக்கத்து நடையில, தன்னோட போஸ்டருக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தாரு. ஒகாடான்னு பேரு, ஐம்பது வயசு இருக்கும். போஸ்டர்ல இருந்த மூஞ்சி எதிர்ல வந்தா நான் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவேன். நேர்ல பார்த்தா மாமனார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி கையைக் கோத்துக்கிட்டு நிக்கிறாரு. அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். எனக்கும் அப்படித்தான், அதனால நல்லாவே புரிஞ்சுது.

"படம் முடிஞ்சா, பின்கதவு, எங்க?"ன்னு கேட்டாரு.

எதுக்குன்னு கேட்டேன். விஷயம் என்னன்னா, அவர் நடிகரே இல்லை. பனி கொட்டுற ஏதோ ஒரு சின்ன ஊர்ல பஸ் ஓட்டுறவரு. நிஜ மனுஷனா இருக்கணும்னு டைரக்டர் அவரைப் பஸ்ஸுல பார்த்துப் பிடிச்சுட்டு வந்திருக்கான். படம் வந்ததுல இருந்து ஊர்ல அவர் பஸ்ஸுல முன் சீட்டுல யாரும் உட்கார்றதில்லையாம். குட்மார்னிங் சொன்னவங்க இப்பச் சொல்றதில்லை. எந்த ஊர்ல படம் போட்டாலும், முடிஞ்சு மேடையில ஏறி நின்னா, ஜனங்க இறங்கி வழி விட்டு ஒதுங்கிப் போயிடுறாங்களாம். அதனால ஒரு வணக்கத்தை வச்சுட்டுப் பின்கதவு வழியாப் போயிடுறது அவர் வழக்கம்.

"நான் கொலை இல்லை. நான் பஸ்"னாரு.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா சிரிக்க மனசு வரலை. குப்பைத் தொட்டிப் பக்கம் திறக்கிற பின்கதவோட சாவியை எடுத்து அவர் கையில கொடுத்தேன். அங்கேயே ஒரு நாற்காலியும் போட்டேன். படத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்காதாம். உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டாரு.

படம் ஆரம்பிச்சுது. நான் மேல மெஷின் ரூம்ல கண்ணாடி வழியாப் பார்க்கிறேன். கேஸ் சிலிண்டர் கொண்டுபோய்ப் போடுற ஒருத்தன், தான் குடியிருக்கிற வீட்டோட சொந்தக்காரனைக் கொன்னுட்டான். கொலையைக் காட்டலை. அதுக்கப்புறம் அவன் எப்படி நாளை ஓட்டுறான்னு காட்டுறாங்க. வேலைக்குப் போறான், சட்டை துவைக்கிறான், செத்தவனோட நாய்க்கு வேளாவேளைக்குச் சோறு வைக்கிறான். அந்த மூஞ்சியில ஒண்ணுமே தெரியலை. என்ன நினைக்கிறான்னு கண்டுபிடிக்க முடியாம நமக்கு வேர்க்குது. நல்ல படம்யா. பொய் சொல்லக் கூடாது.

அந்த நேரத்துல புஷ்பா அன்ரி மூச்சு வாங்க மாடி ஏறி வந்துட்டாங்க.

"அண்ணை, உந்தப் படத்துக்கு இடைவேளை எப்ப?"

"இது ஜப்பான் படம் அன்ரி. இடைவேளை இல்லை."

"இடைவேளை இல்லாத படமும் ஒரு படமோ? விடியக்காலமை எழும்பிச் சுட்ட ரோல்ஸை நான் இப்ப என்ன செய்யிறது, என்ர தலையில கட்டுறதோ? படம் முடிஞ்சா உந்தச் சனம் நிக்குமே? காரை எடுத்துக்கொண்டு பறந்திடுங்கள்!"

சொல்லிக்கிட்டே என் பக்கத்துல வந்து அவங்களும் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தாங்க. கீழ பார்த்தேன். நம்ம ஜனங்க நெளிய ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு மணி நேரம் தாண்டினா நம்ம ஆளுங்களுக்கு உடம்புலயே ஒரு மணி அடிக்கும். ஒருத்தர் எழுந்திரிச்சு வெளிய போறார். அவரைப் பார்த்து மூணு பேர். இன்னும் பத்து நிமிஷத்துல பாதி ஹால் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, டைரக்டரோட அமைதியை அடிச்சு நொறுக்கப் போகுது. அப்படிப் போறவன் திரும்பி வரவும் மாட்டான். பிள்ளைங்களா, எல்லாரும் ஒண்ணாப் போனா ஒண்ணா வருவாங்க, ஒவ்வொருத்தரா போனா போனதுதான். இது திண்டுக்கல்ல படிச்ச பாடம்.

திரையில அந்தக் கொலைகாரன் நாயைப் பிடிச்சுக்கிட்டுப் பனியில நடக்கிறான். எதிர்வீட்டு அம்மா ஒருத்தங்க ஜன்னல் வழியா எல்லாத்தையும் பார்த்துட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கிறான். கையைத் தூக்குறான். விரல் காலிங் பெல் மேல இருக்கு. இன்னும் அமுக்கலை.

என் கை தானாப் போச்சு. நான் அமுக்கிட்டேன்.

ஹால் முழுக்க ஒரே குரல்ல "ச்சே!"ன்னாங்க. ஆகா, அந்த "ச்சே"வைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு! சரியான இடத்துல விட்ட இடைவேளைக்குத்தான் அந்தச் சத்தம் வரும். லைட்டைப் போட்டேன், அன்ரி மேசைக்கு ஓடிட்டாங்க. ஒரே ஒரு விஷயத்தை மறந்துட்டேன். ஞாயித்துக்கிழமை இடைவேளைக்குன்னு பெட்டியில ஒரு செட்டிங் இருந்துச்சு. அது தன்னால ஓட ஆரம்பிச்சுடுச்சு. திரையில கோலம் போட்டு "இடைவேளை"ன்னு எழுத்து வந்துச்சு. நாதஸ்வரம் ஊதிச்சு. பின்னாடியே நகைக்கடை விளம்பரத்துல ஒரு கல்யாணப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே வந்து நின்னா.

டைரக்டர் மாடிப்படியை மூணு மூணாத் தாண்டி வந்தான். மூஞ்சியில ரத்தமே இல்லை. "மெஷின் கெட்டுப்போச்சா?"ன்னான். அங்க ஒரு விநாடி எனக்கு யோசனை. ஆமா, சூடாயிடுச்சுன்னு சொல்லித் தப்பிக்கலாம். ஆனா வேலைக்காரன் மெஷின் மேல பழி போட ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்த முடியாது.

"இன்டர்வல் சார்"னேன்.

"என் படத்துல இன்டர்வல் இல்லை!"

"உங்க படத்துல இல்லை சார். எங்க ஜனங்ககிட்ட இருக்கு."

அவன் ஜப்பான் பாஷையில என்னமோ சொன்னான். அர்த்தம் கேட்கிற அளவுக்கு நான் தைரியசாலி இல்லை. ரெண்டு பேருமாக் கீழ ஓடினோம். கீழ நடந்துக்கிட்டிருந்ததைப் பார்த்தப்பதான் நான் என்ன வினை வச்சிருக்கேன்னு எனக்குப் புரிஞ்சுது.

கூட்டத்துல பாதி அன்ரியோட மேசையைச் சுத்தி நின்னு, கொலைகாரனை அலசிக்கிட்டிருந்தது. மல்கிரேவ்ல ஐடி வேலை பார்க்கிற ஒரு தம்பி அடிச்சுச் சொல்றான்: "செகண்ட் ஹாஃப்ல ஃபிளாஷ்பேக் வரும் பாருங்க. இவனுக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கும். அந்த வீட்டுக்காரன் எதாவது பண்ணியிருப்பான்." இன்னொருத்தர், "நாய்க்குச் சோறு வைக்கிறவன் மனசறிஞ்சு கொல்ல மாட்டாம்ப்பா"ங்கிறாரு. வைன் கிளாஸ்காரங்க ரெண்டு பேர் ஒண்ணும் புரியாம ரோல்ஸ் வரிசையில நிக்கிறாங்க. அந்தச் சத்தத்துல தூக்கம் கலைஞ்சு, படம் முடிஞ்சுடுச்சுன்னு நினைச்சு, எங்க ஒகாடா நடையில இருந்து வெளிய வர்றாரு.

அப்படியே எல்லாம் அடங்கிப்போச்சு. பாதிப் படத்துல, பெல் மேல விரலை வச்சுக்கிட்டு இருந்தவன் நேர்ல வந்து நிக்கிறான். கூட்டம் ஒரு அடி பின்னால போச்சு. அவருக்கு அது பழக்கம். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பின்கதவுப் பக்கம் திரும்பினாரு.

"ஐயோ, உவனெல்லோ அவன்!"னு அன்ரி கத்தினாங்க. கத்தினவங்க மேசையைச் சுத்திக்கிட்டு நேரா அவர்கிட்டப் போய்க் கையைப் பிடிச்சுட்டாங்க. "தம்பி, இஞ்ச பார். நீ இன்னும் அந்தப் பெல்லை அடிக்கேல்லைத்தானே? அடியாதை. நல்ல பிள்ளையெல்லோ? நாயையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போயிடு. சாப்பிட்டனியோ?"

கேள்விக்குப் பதில் வர்ற வரைக்கும் அன்ரி நின்னதே இல்லை. அதுக்குள்ள அவர் கையில ரெண்டு ரோல்ஸ், ஒரு தேத்தண்ணி. அவர் சாப்பிட்டாரு. சுத்தி நின்னவங்க ஆளுக்கு ஒரு புத்தி சொன்னாங்க. போலீஸ்ல சரண்டர் ஆயிடுங்கன்னு ஒருத்தர், நல்ல வக்கீலாப் பாருங்கன்னு ஒருத்தர். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியலை. ஆனா அந்த மூஞ்சி சிரிச்சுது. போஸ்டரைப் பார்த்தவன் நம்ப மாட்டான், குழந்தைச் சிரிப்பு அது. டைரக்டர் தலையில கையை வச்சுக்கிட்டுத் தரையிலயே உட்கார்ந்துட்டான். "போச்சு, இனி இவரைப் பார்த்து யார் பயப்படுவாங்க?"ன்னான்.

இடைவேளை முடிஞ்சு ஜனங்களை உள்ள அனுப்பினேன். ரோல்ஸ் முக்கால்வாசி வித்துப்போனதால அன்ரியும் மூணாவது வரிசையில போய் உட்கார்ந்துட்டாங்க. நான் பட்டனை அமுக்கினேன். விரல் பெல்லை அமுக்கிச்சு. "சொன்னனானெல்லோ, அடியாதை எண்டு!"ன்னு ஒரு குரல். கதவு திறந்துச்சு. அந்த அம்மா அவனை உள்ள கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தாங்க. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்னு அவங்க சொன்னது கீழ இங்கிலீஷ் எழுத்துல வந்துச்சு. அவன் டீயைக் குடிச்சுட்டு, கோப்பையைக் கழுவிக் கவுத்து வச்சுட்டு, அவங்களையும் கொன்னுட்டான்.

ஹால்ல மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஃபிளாஷ்பேக் வரலை. தங்கச்சியும் வரலை. ஏன் கொன்னான்னு கடைசி வரைக்கும் சொல்லலை. கடைசியில நாயைக் கூட்டிக்கிட்டுப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்து, நம்மளையே ரொம்ப நேரம் பார்க்கிறான். படம் முடிஞ்சுது.

லைட்டைப் போட்டுட்டுக் கீழ வந்தேன். டைரக்டர் மேடையில ஏறி, ஒகாடாவைக் கூப்பிட்டான். அவர் வந்து குனிஞ்சு வணக்கம் வச்சாரு. ஒருத்தரும் அசையலை, கைதட்டலை. முன் வரிசையில இருந்த ஒரு பொண்ணு காலைப் பின்னால இழுத்துக்கிட்டா. டைரக்டர் மூஞ்சியில நிம்மதி. அவனுக்கு வேண்டிய பயம் அதுதானே. ஒகாடா சட்டைப்பையில இருந்து என் சாவியை எடுத்தாரு. மேடையை விட்டு இறங்கி, யாரையும் பார்க்காமப் பின்பக்க நடைக்குப் போற பக்கவாட்டுக் கதவுக்கு நடந்தாரு. அரை மணி நேரம் சிரிக்க வச்சு, மறுபடியும் அவரைக் குப்பைத் தொட்டி வழியா அனுப்புறதுக்கா நான் இந்த இடைவேளையை விட்டேன்?

"நில்லு! எங்க போறாய்?"

அன்ரி எழுந்திரிச்சுட்டாங்க. "ஏன்டா அப்பிடிச் செய்தனீ? அந்த மனுசி உனக்கு என்ன செய்தவ? ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொன்னவவெல்லோ? என்ர கையால வாங்கித் திண்டிட்டுப் போய், அதுக்குள்ள இந்த வேலையோ? அவ்வளவு சொன்னனான், கேட்டியே?" அப்படியே நடந்து நேரா அவர் முன்னாடி போய், விரலை ஆட்டி ஆட்டித் திட்டுறாங்க. கண்ணுல தண்ணி.

ஐடி தம்பி அதை இங்கிலீஷ்ல மாத்தினான், டைரக்டர் ஜப்பான் பாஷைக்கு மாத்தினான். அவ்வளவு திட்டும் கடைசியில அவர் காதுக்கு, "ஏன் கொன்னீங்கன்னு கேக்கிறாங்க"ன்னு சுருங்கித்தான் போயிருக்கும். ஆனா அவருக்குக் குரல் போதும். எந்த ஊர்லயும் அவர்கிட்ட வந்து யாரும் திட்டினதில்லை. பயந்தவன் எங்கயாவது திட்டுவானா? ஒதுங்கித்தானே போவான்? அவர் அன்ரியைப் பார்த்துச் சொன்னது திரும்ப ரெண்டு பாஷை தாண்டி வந்துச்சு:

"எனக்கும் தெரியாதும்மா. நானும் இவரைப் பல தடவை கேட்டுட்டேன். இவர் சொல்லவே இல்லை."

ஹால் மொத்தமும் டைரக்டர் பக்கம் திரும்பிச்சு. அவன் பாவம், "காரணம் தெரியாததுதான் படத்தோட அர்த்தம்"னான். "அப்ப உனக்கும் தெரியாதோ?"ன்னு அன்ரி கேட்டாங்க. பின்னால இருந்து ஒருத்தர், "மேனேஜர் சார், ஃபிளாஷ்பேக்கை வெட்டிட்டீங்களா?"ன்னு எம்மேல பாய்ஞ்சாரு. நான் எங்க குலசாமி மேல சத்தியம் பண்ணினேன்.

அந்தக் கலாட்டாவுக்கு நடுவுல ஒகாடா அன்ரிக்கு முன்னால நல்லாக் குனிஞ்சாரு. தன்னோட இங்கிலீஷைத் தேடிப் பிடிச்சு, "ஸாரி. வெரி ஸாரி. நெக்ஸ்ட் டைம், நோ"ன்னாரு.

அவ்வளவுதான், ஹாலே வெடிச்சுச் சிரிச்சுது. காலை இழுத்துக்கிட்ட பொண்ணுதான் முதல்ல போன் எடுத்துக்கிட்டுப் பக்கத்துல வந்து நின்னா. அப்புறம் அவரைப் பார்க்கவே முடியலை, அத்தனை தலை.

டைரக்டர் சும்மா விடலை. முதலாளியம்மாவுக்குப் போன் போட்டான், அவங்களும் வந்துட்டாங்க. என் படத்தைக் கெடுத்துட்டான், நாதஸ்வரம் ஊதிட்டான்னு அவன் சொல்லச் சொல்ல, வேலை போச்சுன்னே நினைச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டு முதலாளியம்மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "இடைவேளைக்கு வெளிய போனவங்க எத்தனை பேர் திரும்பி வந்து உட்கார்ந்தாங்க?"

"எல்லாரும்."

அவங்க டைரக்டரைப் பார்த்தாங்க. அவன் இடைவேளையை மட்டும் வாழ்நாள்ல மன்னிக்க மாட்டேன்னு சொல்லிட்டு, அந்த மீன் ரோல்ஸ் இன்னும் மிச்சம் இருக்கான்னு கேட்டான். பிள்ளைங்களா, யார் வந்து கத்தினாலும் நீங்க முதல்ல திரும்பி வந்த தலைகளைப் பாருங்க. மத்ததையெல்லாம் அதுக்கப்புறம் பேசிக்கலாம்.

நான் கதவெல்லாம் பூட்டிக்கிட்டு இருக்கும்போது ஒகாடா வந்தாரு. ஒரு கையில எண்ணெய் ஊறின ரோல்ஸ் பை. இன்னொரு கையை நீட்டி என் பின்கதவுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாரு.

"முன்கதவு, ஓகே?"ன்னாரு.

ஓகேன்னேன். அவர் முன்வாசல் வழியா, போஸ்டரைத் தாண்டி, கார் பார்க்கிங்ல கூடி நின்ன நம்ம ஜனங்களுக்கு நடுவுல இறங்கிப் போனாரு. ஆளாளுக்குக் கை கொடுத்தாங்க. அன்ரியோட வீட்டுக்காரர் காரைக் கிளப்பிட்டாரு. கார் கொஞ்ச தூரம் போனதும் நின்னுச்சு. கண்ணாடி இறங்கி அன்ரியோட தலை வெளிய வந்துச்சு.

"இனிமேல் ஆரையும் கொல்லாதை, கேட்டியே!"

அந்தக் கார் திரும்பி மெயின் ரோட்டுல மறையிற வரைக்கும் அவர் குனிஞ்சே நின்னாரு.